குப்பிக்குள் ஓர் எலிப் புரதம்

குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரியும். சில குப்பிகளில் அதுகூடத் தெரியாது. உள்ளே இருப்பது 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மேலே ஒட்டிய சீட்டு அதைச் சுண்டெலி இன்டர்ஃபெரான் காமா என்கிறது. ஆனால் எந்தச் சுண்டெலியின் உடலிலிருந்தும் அதை எடுக்கவில்லை. அது உருவானது ஒரு பாக்டீரியாவுக்குள்.

இன்டர்ஃபெரானின் கதை லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், 1957-இல் தொடங்குகிறது. அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மனும் கோழிக்கருவின் சவ்வுத் துண்டுகளை, சூடாக்கிச் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரஸோடு ஊறவைத்தார்கள். ஊறிய திரவத்தைப் புதிய சவ்வின் மேல் விட்டபோது, பிறகு வந்த உயிருள்ள வைரஸால் அங்கே பெருக முடியவில்லை. செல்கள் ஏதோ ஒரு காப்புப் பொருளைச் சுரந்திருந்தன. அதுதான் இன்டர்ஃபெரான். டோக்கியோவில் நகானோவும் கோஜிமாவும் 1954-லேயே முயல்களில் இதைப் போன்ற ஒன்றைக் கண்டிருந்தார்கள். என்றாலும் பொருளைத் தனியே பிரித்துக் காட்ட முடியாததால், அப்படி ஒன்று இருக்கிறதா என்றே பல ஆண்டுகள் சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஓர் இனத்தின் இன்டர்ஃபெரான் பெரும்பாலும் அந்த இனத்துக்கே வேலை செய்யும். மனித இன்டர்ஃபெரான் காமாவும் சுண்டெலியின் காமாவும் அமினோ அமில வரிசையில் ஏறத்தாழ 40 சதவீதமே ஒத்துப்போகின்றன. மனிதனுடையதைச் சுண்டெலிச் செல் கண்டுகொள்வதில்லை. நோய் எதிர்ப்பு ஆராய்ச்சியின் பெரும்பகுதி சுண்டெலிகளில் நடப்பதால், சுண்டெலிக்கென்றே தனியாக ஒன்று தேவைப்பட்டது.

மரபணு முறை வருவதற்கு முன் அதைப் பெறும் வழி கரடுமுரடானது. சுண்டெலியின் மண்ணீரல் செல்களைத் தூண்டிவிட்டு, அவை சுரந்த திரவத்தை வடித்தெடுப்பார்கள். இன்டர்ஃபெரானின் ஆல்பா, பீட்டா வகைகள் வேண்டுமென்றால், நம்மூரில் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் கோழிநோயின் வைரஸைச் சுண்டெலிச் செல்களில் ஏற்றுவார்கள். கிடைக்கும் திரவத்தில் இன்டர்ஃபெரானோடு பல புரதங்கள் கலந்திருக்கும். அந்தத் திரவம் பட்டதும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் கிருமிகளைக் கொல்லும் வேகம் பெறும். வேலையைச் செய்தது எந்தப் புரதம் என்று மட்டும் யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

1983-இல் ஜெனென்டெக் நிறுவனத்தின் பேட்ரிக் கிரேயும் டேவிட் கோடலும் சுண்டெலி இன்டர்ஃபெரான் காமாவின் மரபணுப் படியைப் பிரித்தெடுத்து ஈ. கோலை பாக்டீரியாவில் இயங்க வைத்தார்கள். மேக்ரோஃபேஜைத் தயார்ப்படுத்துவது இன்டர்ஃபெரான் காமாதான் என்று காட்டிய ஆய்வுகளும் அதே ஆண்டில் வெளிவந்தன. 'இந்தத் திரவம் இப்படிச் செய்கிறது' என்ற பேச்சு, 'இந்தப் புரதம் இப்படிச் செய்கிறது' என்று மாறியது. இப்படி வேறோர் உயிரில் மரபணுவை ஏற்றிச் செய்யும் மறுசேர்க்கைப் புரதத்தின் பெரிய கொடை இந்த உறுதிதான்.

தயாரிப்பு முறையை இப்படிச் சுருக்கலாம். மரபணுவை ஏற்ற பாக்டீரியாவைக் கலனில் வளர்த்து, புரதம் செய்யத் தூண்டுகிறார்கள். பாக்டீரியா அதை அவசரமாகக் குவிப்பதால் பெரும்பாலும் சரியாக மடியாத கட்டிகளாகத் தங்கிவிடுகிறது. செல்லை உடைத்து, கட்டியை யூரியா போன்ற கரைசலில் அவிழ்த்து, மெல்ல நீர்க்கச் செய்து மீண்டும் மடியவிடுகிறார்கள். இரண்டு சங்கிலிகள் இணைந்த பிறகே அது முழு இன்டர்ஃபெரான். சுண்டெலியின் உடலில் அதன்மேல் ஏறும் சர்க்கரைத் தொங்கல்களை ஈ. கோலையால் ஒட்ட முடியாது. அவை இல்லாமலும் அது வேலை செய்கிறது.

தயாரான புரதத்துக்குத் தேர்வு வைப்பதும் சுண்டெலிச் செல்களே. எல்929 என்ற செல்வரிசையில் புரதத்தைச் சேர்த்து, பிறகு செல்களைக் கொல்லும் வைரஸை விடுவார்கள். பாதிச் செல்களைக் காப்பாற்றும் அளவே ஒரு யூனிட். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் வில்டன் ஏர்ல் 1940-இல் ஒரு சுண்டெலியிலிருந்து தொடங்கிய வளர்ப்பின் வழிவந்தவை அந்தச் செல்கள்.

பிறந்த இடத்தின் கறை ஒன்றும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். ஈ. கோலையின் வெளிச்சுவரில் உள்ள எண்டோடாக்ஸின்தான் அது. மேக்ரோஃபேஜ்கள் இதற்கு மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டும். இன்டர்ஃபெரான் பட்ட மேக்ரோஃபேஜ்கள் இன்னும் கூர்மையாக. இரண்டும் சேர்ந்தால் நைட்ரிக் ஆக்சைடு கொட்டும். ஆய்வாளரோ அதை இன்டர்ஃபெரானின் தனிச் சாதனை என்று எழுதிவிடுவார். தூய்மையில் கோட்டை விட்டால், 1983-இல் தீர்ந்த குழப்பம் வேறு வேடத்தில் திரும்பி வந்துவிடும். குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு இந்தக் கலப்படத்தை அளக்கிறார்கள்.

உலர்த்திய குப்பி பயணம் செய்து ஆய்வுக்கூடத்துக்கு வருகிறது. கரைத்ததும் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைக்க வேண்டும். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் வீரியம் குறையும். மிகவும் நீர்த்த நிலையில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பலர் ஆல்புமின் சேர்க்கிறார்கள். வளர்ப்புத் தட்டில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில பத்து நானோகிராம் போதும். ஒரு குப்பி பல மாதங்களுக்கு வரும்.

இந்தப் புரதத்தை வாங்கும் ஆராய்ச்சி மாணவர் விலையைப் பார்க்குமுன், சான்றிதழில் எண்டோடாக்ஸின் அளவையும் யூனிட் கணக்கையும் பார்க்க வேண்டும். சோதனையின்போது ஒரு பங்கைக் கொதிக்க வைத்து, அதையும் வளர்ப்புத் தட்டின் தனிக் குழி ஒன்றில் சேர்த்துப் பாருங்கள். கொதியில் புரதம் செத்துப்போகும், எண்டோடாக்ஸின் தாங்கிக்கொள்ளும். கொதித்த பங்கும் மேக்ரோஃபேஜை எழுப்பினால், நீங்கள் அளந்தது இன்டர்ஃபெரானை மட்டும் என்று எழுதாதீர்கள்.