உப்பளக் கரைக்கு எந்த ஹெலிகாப்டர்?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் அனுமந்தை. ஒரு பக்கம் மீனவர் குப்பமும் வங்கக் கடலும், மறுபக்கம் கழுவெளியின் சதுப்பு, மரக்காணத்தை நெருங்க நெருங்க உப்பளப் பாத்திகள். 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் என இருபது ஆண்டுகளில் மூன்று பெரும் அடிகளை வாங்கிய கரை இது. மீட்புப் பணி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஹெலிகாப்டர்தான். ஆனால் எந்த ஹெலிகாப்டர், எங்கிருந்து கிளம்பி, இந்த மண்ணில் எங்கே இறங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

ஆள் ஏற்றும், சரக்குத் தூக்கும், நோயாளியைக் கொண்டு செல்லும், கடலைக் கண்காணிக்கும், தேவைப்பட்டால் துப்பாக்கியும் சுமக்கும் என்று பல்பணி ஹெலிகாப்டரின் திறன்களை அடுக்கிப் பாராட்டுவது வழக்கம். அந்த அடுக்கு பொய்யல்ல. ஆனால் பாதி உண்மைதான். ஒவ்வொரு பணிக்கும் எடையில் ஒரு விலை உண்டு. அதைவிடப் பெரிய விலை இன்னொன்று: எல்லாப் பணிகளையும் ஒரே வகை இயந்திரத்திடம் ஒப்படைத்தால், அந்த வகை முடங்கும் நாளில் எல்லாப் பணிகளும் சேர்ந்தே முடங்கும். மரக்காணம் போன்ற கரைக்கு ஒரு ஹெலிகாப்டர் பொருந்துமா என்பதை இந்த இரண்டையும் வைத்தே எடைபோட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கரைக்கு மிக நெருங்கிய உதாரணம், பெங்களூரு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய துருவ். 1984இல் ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தின் துணையோடு வடிவமைப்புத் தொடங்கியது. 1992 ஆகஸ்ட் 20 அன்று முதன்முதலில் பறந்தது; 2002இல் பணிக்கு வந்தது. ஐந்தரை டன் வகையைச் சேர்ந்த இதில் பன்னிரண்டு பேர் வசதியாக உட்காரலாம். சுழலியின் விட்டம் 13.2 மீட்டர். பழைய ஹெலிகாப்டர்களில் இறக்கைகள் மேலும் கீழும் அசையக் கீல்கள் உண்டு. துருவின் சுழலித் தலையில் கீல் இல்லை. கலப்புப் பொருளாலான பாகங்களே வளைந்து கொடுத்து அந்த வேலையைச் செய்கின்றன. அதனால் விமானி கைப்பிடியை அசைத்ததும் இயந்திரம் உடனே திரும்பும். வால்தண்டை உயரத்தில் வைத்து, அதன் கீழே பின்பக்கமாக இரண்டு கதவுகள் விரியும்படி செய்திருக்கிறார்கள். நோயாளியைத் தூக்குப்படுக்கையோடு நேராக உள்ளே தள்ளிவிடலாம். கேபினை வெறும் அறையாக விட்டுவிட்டு, பணிக்கேற்ப உள்ளே இருப்பதை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இது. பல்பணி வடிவமைப்பின் உயிர்நாடி இந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

வெற்றிடத்தை நிரப்பத் தொடங்கியதும் கணக்கு மாறும். 2022 ஜூன் 20 அன்று இந்தியக் கடலோரக் காவல்படை சென்னையில் தொடங்கிய 840ஆம் படைப்பிரிவு, துருவின் மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துகிறது. ரேடார், இரவிலும் பார்க்கும் கேமரா, சக்திவாய்ந்த தேடுவிளக்கு, கனரக இயந்திரத் துப்பாக்கி, கழற்றி மாட்டக்கூடிய தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் இதற்கு உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் சுமந்தால் எரிபொருளுக்கும் ஆளுக்கும் இடம் குறையும். கடலில் தத்தளிக்கும் மீனவரை வின்ச் கயிற்றால் தூக்க, ஹெலிகாப்டர் அசையாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். எஞ்சினிடம் மிக அதிகமாக வேலை வாங்கும் நிலைகளில் அது ஒன்று. தரையை ஒட்டி நிற்கும்போது கீழே அழுந்தும் காற்று கொஞ்சம் தாங்கும். கயிறு இறக்கும் உயரத்தில், அலைகளுக்கு மேல், அந்தத் தாங்கல் கிடைக்காது. வெப்பமும் ஈரமும் கலந்த காற்றில் எஞ்சினின் வலு இன்னும் குறையும். ஆகவே தேடுதலுக்குக் கிளம்பும் முன்பே எதை இறக்கிவைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும்.

பெரிய அளவில் சரக்குத் தூக்க வேறு வகை தேவை. கோவை மாவட்டம் சூலூரில் உள்ள எம்.ஐ-17 வி5, 13 டன் வரை எடையோடு எழும்பும். நான்கு டன் சரக்கை உள்ளே ஏற்றும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் உணவு போடவும் ஆட்களை மீட்கவும் விமானப்படையின் எம்.ஐ-17, துருவ் இரண்டும் பறந்தன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் வெள்ளம் சூழ்ந்து சிக்கிய பயணிகளுக்கு வானிலிருந்தே உணவு இறங்கியது. அவர்களில் ஒரு கர்ப்பிணி ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார். தண்டவாளமும் சாலையும் ஒருசேர அறுந்த இடத்தில் வேறெதுவும் அந்த வேலையைச் செய்திருக்காது.

அதே எம்.ஐ-17 சூலூரிலிருந்து அனுமந்தைக்கு வர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். சென்னையிலிருந்து துருவ் அரைமணிக்குள் வந்துவிடும். 2024 ஆகஸ்ட் 18 அன்று புதுச்சேரியில் திறக்கப்பட்ட கடலோரக் காவல்படை விமானத் தளத்திலிருந்து கிளம்பினால் சில நிமிடங்களே. நேரத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் கரையின் அதிர்ஷ்டம் அந்தப் புதிய தளம்.

இறங்கும் இடம்தான் அடுத்த சிக்கல். மேலிருந்து பார்ப்பவருக்கு உப்பளம் மரமோ கம்பமோ குறுக்கிடாத நல்ல திறந்தவெளி. நடந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்: பாத்திக்குள் அடித்து இறுக்கிய களிமண், மழை பெய்தால் கணுக்கால் புதையும், வரப்புகளோ ஒரு ஆள் நடக்கும் அகலம். தரைப்படையும் விமானப்படையும் வைத்திருக்கும் துருவ், எடையைப் பரப்பித் தாங்கும் சறுக்குக் குழாய்களில் நிற்கிறது. கடலோரக் காவல்படையின் துருவுக்குச் சக்கரங்கள். கப்பல் தளத்துக்கும் ஓடுபாதைக்கும் ஏற்ற அந்தச் சக்கரம் ஈரக் களிமண்ணில் புதையும். ஒரே பெயருடைய இயந்திரம், காலடியை மாற்றியதும் வேறு நிலத்துக்கு உரியதாகிவிடுகிறது. சுழலி கீழே தள்ளும் காற்றையும் மறக்கக் கூடாது. 13 டன் எடையைத் தூக்கும் காற்று, உப்பு அம்பாரத்தின் மேல் போர்த்திய கீற்றையும் குப்பத்துக் கூரையையும் பிய்த்தெறியும். உப்புக் காற்று எஞ்சினுக்குள் போனால் நன்னீரால் கழுவ வேண்டும். இரும்பை உப்பு என்ன செய்யும் என்று மரக்காணத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி அந்தப் பெரிய விலை. 2024 செப்டம்பர் 2 இரவு, ‘ஹரி லீலா’ டேங்கர் கப்பலில் காயமுற்றவரை மீட்கச் சென்ற கடலோரக் காவல்படை துருவ், குஜராத்தின் போர்பந்தர் அருகே கடலில் விழுந்தது, மூவர் உயிரிழந்தனர். 2025 ஜனவரி 5 அன்று அதே போர்பந்தரில் தரையிறங்கும்போது இன்னொரு துருவ் நொறுங்கி மேலும் மூவர் இறந்தனர். விமானியின் கட்டளையை இறக்கைகளின் கோணமாக மாற்றும் ஸ்வாஷ்பிளேட்டில் முறிவு காணப்பட்டது. உடனே முப்படைகளிலும் கடலோரக் காவல்படையிலும் இருந்த முன்னூறுக்கும் மேற்பட்ட துருவ்கள் தரையில் நிறுத்தப்பட்டன. தரைப்படை, விமானப்படைப் பதிப்புகள் மே மாதம் மீண்டும் பறக்கத் தொடங்கின. கடல்சார் பதிப்புகள் அதற்குப் பிறகும் காத்திருந்தன. பறக்க விடாமல் நிறுத்தியது சரியான முடிவு. ஆறு உயிர்களுக்குப் பிறகு வேறு முடிவு இருக்க முடியாது. ஆனால் அந்த மாதங்களில் துருவ் செய்துவந்த தேடுதல், வான்வழி ஆம்புலன்ஸ், கண்காணிப்பு எல்லாமே ஒரே பாகத்தின் பரிசோதனைக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

ஒரே வகை என்றால் உதிரிபாகச் செலவும் பயிற்சிச் செலவும் குறையும் என்பார்கள். உண்மைதான். அமைதியான ஆண்டில் அந்தச் சேமிப்பு கணக்கில் தெரியும். புயல் ஆண்டில் அதன் மறுபக்கம் தெரியும். 1960களிலிருந்து இந்தியாவில் தயாரிக்கப்பட்ட ஒற்றை எஞ்சின் சேத்தக் ஹெலிகாப்டரை முதுமை காரணமாக விலக்குவது நியாயம். அதன் இடத்துக்கும் துருவையே கொண்டுவருவதுதான் பிழை. இந்தக் கரைக்கு மீட்புக்கு ஒரு வகை, அதன் பாகங்களைச் சாராத இன்னொரு இலகு வகை, சரக்குக்கு எம்.ஐ-17 என்று குறைந்தது மூன்று வகைகளாவது வேண்டும்.

இயந்திரம் எதுவானாலும் புயல் வீசும்போது பறக்க முடியாது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு கரையேறி, புதுச்சேரி அருகே நகராமல் பல மணி நேரம் நின்றது. மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அத்தகைய நேரத்தில் படகும் ஆட்களும்தான் முதல் உதவி. காற்று தணிந்த பிறகு ஹெலிகாப்டரின் முறை வரும்போது, இறங்கும் இடம் தயாராக இருக்க வேண்டும். அனுமந்தை முதல் மரக்காணம் வரை சாலையோர மேட்டு நிலங்களில் மூன்று நான்கைத் தேர்ந்து, மின்கம்பிகளைத் தள்ளி அமைத்து, சக்கரம் புதையாதபடி தரையைக் கெட்டிப்படுத்தி, அட்சதீர்க்க அளவுகளை விழுப்புரம் மாவட்டப் பேரிடர் திட்டத்திலும் புதுச்சேரித் தளத்திலும் பதிந்து வைக்கலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், அந்த வேலை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் சரிபார்க்கப்பட வேண்டும்.