கடலைத் தாண்டாத கேரண்டி

வெளிநாட்டில் வாங்கிய சாமான் நம்ம ஊரில் ரிப்பேர் ஆனால் யார் பொறுப்பு? 2012-ல் தில்லி உயர் நீதிமன்றம் இதற்கு ஒரு பதில் சொன்னது. சில வியாபாரிகள் சாம்சங் பிரிண்டர்களை வெளிநாட்டுச் சந்தையில் வாங்கி, இங்கே கொண்டுவந்து, கம்பெனி விலையைவிடக் குறைத்து விற்றார்கள். கம்பெனி வழக்குப் போட்டது. பிப்ரவரியில் தனி நீதிபதி கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தார். அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. சரக்கு அசல்தான், போலி இல்லை. உலகத்தில் எந்தச் சந்தையில் கம்பெனி அதை முதலில் விற்றிருந்தாலும் சரி, வாங்கியவர் இங்கே கொண்டுவந்து விற்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. இது இறக்குமதிச் சரக்கு, கம்பெனியின் வாரண்டியும் சர்வீஸும் இதற்குக் கிடையாது, அது கடைக்காரர் பொறுப்பு என்று கடையில் கண்ணில் படும்படி எழுதி வைக்கவேண்டும். சட்டக்காரர்கள் இதைக் கபில் வாத்வா வழக்கு என்பார்கள்.

தீர்ப்பைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சென்னை பர்மா பஜாரில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அங்கே யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பர்மா பஜாரின் கதை சோகமான கதை. 1962-ல் பர்மாவில் நே வின்னின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964-ல் கடைகளெல்லாம் தேசியமயம். தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். அப்படி வந்தவர்கள் பிழைக்க ஒரு வழியாக, 1969-ல் தமிழக அரசு பீச் ஸ்டேஷன் பக்கம் சாலையோரமாகக் கடை போட இடம் கொடுத்தது. அது வெளிநாட்டுச் சாமான் சந்தையாக மாறியதற்குக் காரணம் துறைமுகம் பக்கத்தில் இருந்தது மட்டுமில்லை. இறக்குமதிக்கு லைசென்ஸ், அதற்குமேல் கடுமையான வரி என்று இருந்த காலம் அது. நல்ல டேப் ரெக்கார்டர் வேண்டுமென்றால் வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பர்மா பஜார். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் போய்வந்து சாமான் சுமந்தவர்களுக்கு ‘குருவி’ என்று பெயர். 1985-ல் தீவிபத்தோடு ஓய்ந்துபோன எம்.வி. சிதம்பரம் கப்பலில் வந்தவர்களின் பெட்டிகளிலும் இந்தச் சாமான்கள் இருந்தன.

பெட்டிக்குள் ஒரு கேரண்டி கார்டும் இருக்கும். பளபளவென்று, நாலைந்து மொழியில். அதைப் பத்திரமாக பீரோவில் வைத்த குடும்பங்கள் உண்டு. எதற்கு என்றுதான் தெரியாது.

இதில் கம்பெனிக்காரன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். வாரண்டி என்பது சும்மா வருவதில்லை. ஒரு நாட்டில் சர்வீஸ் சென்டர் வைப்பது, ஆளுக்குச் சம்பளம், ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கி அடுக்குவது எல்லாம் அந்த நாட்டு விநியோகஸ்தரின் செலவு. அது அந்த நாட்டு விலையில் ஏறி நிற்கும். துபாயில் வாங்கியவர் துபாய் சர்வீஸுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறார். இதை வாங்குகிறவரிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதுதான் என் சண்டை.

ஆனால் அன்றைக்குக் கேரண்டியைவிடப் பெரிய தலைவலி வேறொன்று. சாமான் கெடவே வேண்டாம், நல்ல நிலையிலேயே இங்கே வேலை செய்யாது. 1982 ஆகஸ்ட் 15-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியது, நவம்பரில் ஏஷியாட். கலர் டிவி வாங்கி வரச்சொல்லி வெளிநாட்டுக்குக் கடிதம் போனது. இந்தியா எடுத்துக்கொண்டது பால் முறை. அதிலும் ஒலி, படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். சிங்கப்பூரிலும் அதேதான், அதனால் சிங்கப்பூர் டிவி இங்கே ஒழுங்காகப் பேசியது. ஹாங்காங்கிலும் பால்தான், ஆனால் அங்கே ஒலி 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி. படம் அருமையாக வரும், டிவி ஊமை! சவூதியில் அன்று செகாம் முறை. அதற்கு மட்டுமே செய்த டிவி இங்கே வந்தால் கறுப்பு வெள்ளை. அமெரிக்க டிவிக்கு மின்சாரமே 110 வோல்ட்தான் வேண்டும். அதைச் சமாளித்தாலும் கலரும் கிடையாது, குரலும் கிடையாது.

இந்த இடத்தில்தான் மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெரு மாதிரி இடங்களின் மெக்கானிக்குகள் வருகிறார்கள். சர்க்யூட் படம் கிடையாது, கம்பெனி பயிற்சி கிடையாது. ஒலிப் பகுதியில் ஒரு காயிலைத் திருகி, ஒரு ஃபில்டரை மாற்றி ஹாங்காங் டிவியைப் பேசவைத்தார்கள்.

என் மாமா ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஒரு கிளாக் ரேடியோ கொண்டுவந்தார். 230 வோல்ட்டை 110 ஆக இறக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினோம். ரேடியோ பாடியது, ஆனால் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கியது. அந்த வகைக் கடிகாரங்கள் மின்சாரத்தின் அலைகளை எண்ணித்தான் நேரம் சொல்லும். அங்கே நொடிக்கு 60, இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கும், அலையை மாற்றாது. மெக்கானிக் திறந்து பார்த்தார். உள்ளே இருந்த சிப்பில் 50, 60 இரண்டுக்கும் வழி இருந்தது, ஒரே ஒரு காலை எங்கே இணைக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். பத்து நிமிஷ வேலை. "நம்மூரு டைமுக்கு மாத்திட்டேன் சார்" என்றார். அந்த ரேடியோவைப் பொறுத்தவரை அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இடையே இருந்தது ஒரு சொட்டு ஈயம்.

எல்லாவற்றுக்கும் இப்படி வழி கிடைத்ததில்லை. ஜப்பானில் உள்ளூர்க்காரர்களுக்காகச் செய்த ரேடியோவில் எஃப்எம் 76-ல் தொடங்கி 90-ல் முடிந்துவிடும். சென்னை ரெயின்போ 101.4. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஸ்டீரியோவில் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்காரலாம். வாங்கிய கடைக்கே திருப்பி அனுப்பலாமே என்றால், கூரியர் செலவு ஒருபக்கம், சுங்கம் இன்னொருபக்கம். வெளிநாட்டில் ரிப்பேர் செய்து திரும்பி வரும் பொருளுக்குச் சலுகை உண்டு; முழு விலைக்கு வரி கிடையாது, ரிப்பேர் செலவுக்கும் போகவர ஆன கூலிக்கும் காப்பீட்டுக்கும் மட்டும்தான் வரி. கூரியருக்குக் கொடுத்த காசுக்கும் வரி கட்டச் சொல்வதைச் சலுகை என்று சொல்ல ஒரு தனி மனசு வேண்டும்.

1991-க்குப் பிறகு கதவு திறந்தது. கம்பெனிகள் இங்கேயே கடை திறந்தன, வோல்ட்டேஜ் பிரச்சினையைச் சார்ஜரே பார்த்துக்கொண்டது, டிவிகள் எல்லா முறையையும் ஏற்றுக்கொள்ளப் பழகின. இனிமேல் எங்கே வாங்கினால் என்ன என்று தோன்றிய காலம். அப்போதும் விலை வித்தியாசம் போகவில்லை. விமானத்தில் பெரிய டிவி பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. 2013 ஆகஸ்டில் அரசு தட்டை டிவியை வரியில்லாப் பயணச் சலுகையிலிருந்து எடுத்துவிட்டது. செஸ்ஸோடு சேர்த்து 36.05 சதவீதம் வரி. வளைகுடாவில் இரண்டு வருஷம் வேலை பார்த்து வீட்டுக்கு ஒரு டிவியோடு வருகிறவருக்குத்தான் அது முதலில் வலித்தது.

இப்போது எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. டிவிக்காலத்து வித்தியாசங்கள் ஒலி, அலை, வோல்ட்டேஜ் என்று இயற்பியலில் இருந்தன. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் தாண்டிவிடலாம். இன்றைய போனில் பாதி வித்தியாசம் முடிவெடுத்து வைத்தது. ஜப்பான் ஐபோனில், ஜப்பானில் இருக்கும்வரை, கேமரா சத்தத்தை அணைக்க முடியாது. 2022-ல் வந்த ஐபோன் 14-லிருந்து அமெரிக்க மாடலில் சிம் போட இடமே இல்லை. டிஸ்ப்ளே மாற்றினால், இது என்னோடு பிறந்த பாகமில்லை என்று போனே அறிவிக்கிறது. அந்தக் கிளாக் ரேடியோ மெக்கானிக்கின் பேரன் இதைத் திறந்தாலும், இணைக்க அங்கே ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது.

2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ‘ரிப்பேர் உரிமை’க்கென ஒரு இணையதளம் தொடங்கியது. எந்தக் கம்பெனி எங்கே சர்வீஸ் தருகிறது, பாகம் எங்கே கிடைக்கும் என்ற விவரங்களை ஓரிடத்தில் சேர்ப்பது அதன் வேலை. நல்ல காரியம். ஆனால் வெளிநாட்டில் வாங்கி வந்தவரின் கேள்வி அங்கேயும் பழைய கேள்விதான்: இது இந்திய மாடலா?

போன மாதம் ரிச்சி தெருவில் ஒரு கடையில் நின்றிருந்தேன். கண்ணாடி உடைந்த ஐபோனை ஒருவர் நீட்டினார். கடைப்பையன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. செட்டிங்ஸைத் திறந்து மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளைப் பார்த்தான். ஹெச்என் என்றால் இந்தியா, எல்எல் என்றால் அமெரிக்கா, ஜெ என்றால் ஜப்பான். "எல்எல் சார். யாரு கொண்டாந்தாங்க?" என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் விலை சொன்னான்.