வெள்ளிப் பதக்கத்திலிருந்து ஐம்பது கேள்விகள் வரை

சென்ற மாதம் ஞாயிறு நிகழ்ச்சியில் நான் பேசியதை எழுத்திலும் தரும்படி சிலர் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமையால் வானொலியில் விட்டுப்போன விடயங்களையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

என் தம்பியின் மகள், அதாவது என் பெறாமகள், பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு லண்டன் சிற்றியில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த கையோடு ஒரு தடித்த பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு சனிக்கிழமை அந்தப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"பெரியப்பா, நீங்களும் உந்தச் சோதினை எடுத்தனீங்கள் எண்டு அப்பா சொன்னவர். உண்மையே?"

"ஓம் பிள்ளை. 1996இல."

"வீடு வாங்கி விக்கிற ஏஜென்ற்மாருக்குச் சோதினை இல்லை. கடை திறக்கிறதுக்கும் இல்லை. பங்கு விக்கிற இடத்தில வேலை செய்யிறவைக்கு மட்டும் ஏன்?"

"கடை திறக்க இல்லைத்தான். ஆனால் கடையில போத்தில் விக்கிறதுக்கு உன்ர மாமா படிச்சுச் சோதினை எழுதினவரெல்லோ? பங்கும் அப்பிடித்தான். கூடினால் வெறிக்கும்."

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தொழிலில் இருந்தவன் நான். இந்தப் பரீட்சை எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

கதை 1697ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அதற்கு மூன்று வருடம் முன்னர்தான் இங்கிலாந்து வங்கி நிறுவப்பட்டிருந்தது. புதுப் புதுக் கம்பனிகள் முளைத்தன. அவற்றின் பங்குகளை வாங்கி விற்பதற்கென்று ஒரு கூட்டமும் முளைத்தது. இல்லாத செய்தியைப் பரப்பி விலையை ஏற்றுவதும் இறக்குவதுமாக அவர்கள் செய்த கூத்தைப் பொறுக்க முடியாமல், தரகர்களின் தொகையையும் தீய வழக்கங்களையும் கட்டுப்படுத்துவதற்கென்றே பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தரகர்கள் நூறு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஒவ்வொருவரும் லண்டன் நகர மேயரிடமும் நகரத் தலைவர்களிடமும் அனுமதி பெற வேண்டும், சத்தியம் செய்ய வேண்டும், 500 பவுணுக்குப் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதி பெற்றவரிடம் ஒரு வெள்ளிப் பதக்கம் இருக்கும். வியாபாரம் பேசும்போது அதை எடுத்துக் காட்ட வேண்டும். அந்தக் காலத்து லைசென்ஸ் அதுதான். பரீட்சை எதுவும் கிடையாது.

அந்த நூறு இடங்களில் யூதர்களுக்குப் பன்னிரண்டு, வெளிநாட்டவருக்குப் பன்னிரண்டு என்று நகர நிர்வாகம் அளந்து வைத்திருந்தது. ஆகவே பங்கீடு என்பதும் நமக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. யூதர்களுக்கான அந்தப் பன்னிரண்டு பதக்கங்களில் ஒன்று காலியாகும்போது அதைப் பெரும் தொகை கொடுத்து வாங்க ஆட்கள் காத்திருந்தார்கள். பிற்காலத்தில் பெரும் கொடையாளியாகப் புகழ்பெற்ற மோசஸ் மொண்டிஃபியோரியும் அப்படிப் பதக்கம் பெற்றவர்தான்.

இங்கே நம்மைப் போன்றவர்கள் அறிய வேண்டிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஜோன் கஸ்ரெய்ங். 1685ஆம் ஆண்டில் பிரான்ஸ் மன்னன் புரட்டஸ்தாந்துகளுக்கு இருந்த பாதுகாப்பை நீக்கியபோது பல்லாயிரக்கணக்கான ஹியூகெனோ மக்கள் கடல் கடந்து இந்த நாட்டுக்கு ஓடி வந்தார்கள். ஆங்கிலத்தில் 'ரெஃபியூஜி' என்ற சொல்லே அவர்களோடு வந்ததுதான். கஸ்ரெய்ங் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த தரகர். தரகர்கள் சத்தம் போட்டு இடைஞ்சல் செய்கிறார்கள் என்று றோயல் எக்ஸ்சேஞ்ச் கட்டிடத்திலிருந்து விரட்டப்பட்டபோது, அவர்கள் பக்கத்து ஒழுங்கையான சேஞ்ச் அலியில் இருந்த ஜொனதன்ஸ் என்ற கோப்பிக் கடையில் போய்க் கூடினார்கள். 1698ஆம் ஆண்டு முதல் கஸ்ரெய்ங் அங்கிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை, செவ்வாயும் வெள்ளியும், பங்குகளினதும் நாணயங்களினதும் விலைப்பட்டியலை அச்சிட்டு வெளியிட்டார். லண்டன் பங்குச் சந்தையின் வரலாற்றை எழுதுபவர்கள் எல்லாரும் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அகதியாக வந்த சமூகத்தின் ஆள் போட்ட ஒற்றைத் தாள்! சேஞ்ச் அலி இப்போதும் கோர்ன்ஹில்லுக்கும் லொம்பார்ட் வீதிக்கும் நடுவே இருக்கிறது. நான் பல வருடம் அந்த ஒழுங்கையால் குறுக்கே நடந்து போய் சான்ட்விச் வாங்கியிருக்கிறேன், ஒன்றும் தெரியாமல்.

பதக்கம் வந்ததால் மோசடி நின்றுவிடவில்லை. 1720ஆம் ஆண்டு தென்கடல் கம்பனியின் பங்கு சனவரியில் ஏறத்தாழ 128 பவுணாக இருந்தது. கோடையில் 1000 பவுணைத் தொட்டது. அந்த வருடம் முடிவதற்குள் 200க்கும் கீழே விழுந்தது. அந்தக் கம்பனியின் வியாபாரத்தில் ஆபிரிக்க அடிமைகளைக் கப்பலில் ஏற்றி விற்பதும் அடங்கும் என்பதைப் பாடப்புத்தகங்கள் பெரிதாகச் சொல்வதில்லை.

தரகர்களுக்கு நகரம் அனுமதி வழங்கும் முறை 1886ஆம் ஆண்டுவரை நீடித்தது. இதற்கிடையில் 1801இல் பங்குச் சந்தை தனக்கென உறுப்பினர்களைக் கொண்ட மூடிய மன்றமாக மாறியது. உள்ளே போவதற்கு ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் பரிந்துரைக்க வேண்டும். தகப்பன், மாமன், பள்ளிக்கூடத்து நண்பன் என்று ஆட்கள் இருந்தால் போகலாம். பெண்களை 1973ஆம் ஆண்டுவரை உறுப்பினராக எடுக்கவே இல்லை. 'என் சொல்லே என் பிணை' என்ற பொருள் தரும் இலத்தீன் வாசகத்தை 1923ஆம் ஆண்டு முதல் குறிக்கோளாக வைத்திருந்தார்கள். யாருடைய சொல்லை நம்பலாம் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள் என்பதுதான் அதில் எழுதாமல் விட்ட பகுதி.

இதை மாற்றியது இரண்டு நிகழ்ச்சிகள். 1981இல் நோர்ட்டன் வோர்பேர்க் என்ற முதலீட்டு நிறுவனம் முறிந்தது. பணம் போட்டிருந்தவர்களில் பிங்க் ஃபுளொயிட் என்ற பிரபல இசைக்குழுவும் அடக்கம். அந்த வருடமே பேராசிரியர் கவர் என்ற சட்ட அறிஞரை முதலீட்டாளர் பாதுகாப்பை ஆராயும்படி அரசாங்கம் நியமித்தது. அவருடைய அறிக்கையின் வழியாக வந்ததுதான் 1986ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டம். அதே வருடம் 27 ஒக்ரோபரில் 'பிக் பாங்' வந்தது. நிலையான தரகுக் கூலி ஒழிந்தது, வெளிநாட்டு வங்கிகள் உள்ளே வந்தன, வியாபாரம் மண்டபத்தை விட்டுக் கணனித் திரைக்குப் போனது. 29 ஏப்ரல் 1988 முதல் அனுமதி பெறாமல் முதலீட்டுத் தொழில் செய்வது குற்றமாயிற்று. புதிதாக ஆயிரக்கணக்கான ஆட்கள் தேவைப்பட்டார்கள். அத்தனை பேருக்கும் தகப்பனும் மாமனும் சிபாரிசு செய்ய முடியுமா? பரீட்சை முக்கியமானது அப்போதுதான். 1992இல் செக்யூரிட்டீஸ் இன்ஸ்ரிரியூட் உருவாகி அந்தப் பரீட்சைகளை நடத்தத் தொடங்கியது. 2009இல் அரச பட்டயம் பெற்று, இன்று சீ.ஐ.எஸ்.ஐ. என்ற பெயரில் இயங்குவது அதுதான்.

அந்தக் கதவு இல்லாவிட்டால் என்னைப் போன்றவன் உள்ளே போயிருக்க முடியாது. 1989இல் வந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். வர்த்தகம் படித்திருந்தேன். இங்கே ஆறு வருடம் பெற்றோல் செட்டில் இரவு வேலை. 1995 தொடக்கத்தில் ஒரு தரகு நிறுவனத்தின் பின்னறையில், அதாவது பங்குப் பத்திரங்களையும் மாற்றுப் படிவங்களையும் சரிபார்த்துப் பணம் தீர்க்கும் பகுதியில், தற்காலிக வேலை கிடைத்தது. அப்போது எல்லாம் கடதாசிதான். கணனி மூலம் தீர்ப்பதற்குத் திட்டமிட்ட ரோரஸ் 1993 மார்ச்சில் கைவிடப்பட்டிருந்தது. கிரெஸ்ற் என்ற முறை 1996 யூலையில்தான் வந்தது. வேலையை நிரந்தரமாக்க வேண்டுமானால் பரீட்சை எடு என்றார்கள். வெள்ளி, சனி இரவுகளில் பெற்றோல் செட்டை விடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டுதான் படித்தேன். 'செக்யூரிட்டி' என்றால் அகராதியில் பிணை என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் பிணை எடுப்பதென்றால் பொலிஸ் நிலையத்துக்குப் போவது. இரண்டு நாள் குழம்பிப் போனேன். பிறகு சித்தியடைந்தேன்.

கஷ்டம் பரீட்சையில் இல்லை நேயர்களே, அதற்குப் பிறகு வந்த படிவத்தில்தான். 1999இல் வாடிக்கையாளரோடு பேசும் பகுதிக்கு என்னை மாற்ற விரும்பினார்கள். அதற்கு ஒழுங்குபடுத்தும் அமைப்பில் பெயர் பதிய வேண்டும். பணக் கடனுக்காக உங்கள்மீது எப்போதாவது நீதிமன்றத் தீர்ப்பு இருந்ததா என்று படிவம் கேட்டது.

எனக்கு இருந்தது. 1991இல் ஈஸ்ற்ஹாமில் ஆறு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். வங்கிக் கணக்கு என்னிடம் மட்டும் இருந்ததால் தொலைபேசி என் பெயரில். நான் வெளியேறிய பிறகும் கனடாவுக்கும் ஜேர்மனிக்கும் பேசினார்கள். பில் கட்டவில்லை. கடிதங்கள் பழைய முகவரிக்குப் போயின. கவுன்ரி நீதிமன்றத்தில் நான் இல்லாமலே தீர்ப்பாகிவிட்டது. 1997இல் வீட்டுக்கடன் கேட்டபோதுதான் தெரியவந்தது. உடனே கட்டினேன். ஆனால் பதிவு பதிவுதான்.

கூட இருந்தவர்கள் எல்லாரும் "இல்லை எண்டு போடு, ஆர் பாக்கப்போறான்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நாங்கள் படிவத்துக்குப் பயந்த சமூகம். அகதி விண்ணப்பத்தில் ஒரு திகதி பிழைத்தால் அதையே காட்டி நிராகரித்த காலம். சொன்னதை எல்லாம் எங்களுக்கு எதிராக எடுப்பார்கள் என்ற பயம் எலும்புக்குள் இருந்தது.

ஆனால் எனக்கு பேரிங்ஸ் ஞாபகம் வந்தது. நான் சிற்றிக்குள் வந்த முதல் மாதத்தில், 1995 பெப்ரவரியில், 1762இல் தொடங்கிய அந்த வங்கி விழுந்தது. சிங்கப்பூரில் இருந்த நிக் லீசன் என்ற இளைஞர் 827 மில்லியன் பவுண் நட்டத்தை மறைத்திருந்தார். பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்த ஒரு சிறிய விடயத்தைப் பலர் கவனிக்கவில்லை. 1992இல் லண்டனில் அவரைப் பதிவுசெய்ய விண்ணப்பித்தபோது, கட்டாத கடனுக்கான நீதிமன்றத் தீர்ப்பு இருந்தும் 'இல்லை' என்று எழுதியிருந்தார். பிடிபட்டதும் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. ஆளைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அந்தத் தீர்ப்பை அவர் சொல்லவில்லை. வியாபாரம் செய்பவரே பின்னறைக் கணக்கையும் பார்க்கும்படி விட்டது பெரிய பிழை என்று பயிற்சிப் புத்தகங்கள் சொல்லும். உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டியில் போட்ட 'இல்லை' என்ற சொல்லை அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

'ஆம்' என்று எழுதி, நடந்ததை ஒரு பக்கத்தில் விளக்கி, பணம் கட்டிய ரசீதையும் இணைத்துக் கொடுத்தேன். ஐந்து வாரம் ஒரு செய்தியும் இல்லை. அந்த ஐந்து வாரத்தில் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. பிறகு ஆளணிப் பகுதிப் பெண்மணி கூப்பிட்டார். ஆறு பேர் ஒரு தொலைபேசியா என்று மட்டும் கேட்டார். பதிவு வந்தது.

இன்னொரு நிறுவனத்தில் எங்கள் பொடியன் ஒருவனும் அதே மாதிரிக் கடனோடு இருந்தான். பரீட்சையில் என்னைவிடக் கூடிய புள்ளி. 'இல்லை' என்று போட்டான். எட்டு மாதம் கழித்துத் தெரியவந்தது. வேலையும் போய், சிற்றியில் வேறு எந்த இடத்திலும் எடுக்கவில்லை. கடன் 200 பவுணுக்கும் குறைவு. இப்போதும் கோயிலில் கண்டால் கதைப்போம், அதைப்பற்றி மட்டும் கதைப்பதில்லை.

பிற்காலத்தில் சட்டங்கள் இன்னும் மாறின. 2001 டிசம்பரில் எஃப்.எஸ்.ஏ. முழு அதிகாரம் பெற்றது. 2013 ஏப்ரலில் அதன் இடத்தில் எஃப்.சி.ஏ. வந்தது. 2019 டிசம்பர் முதல் பெரும்பாலான நிறுவனங்களில் சாதாரண ஊழியர் தகுதியானவரா என்பதை நிறுவனமே வருடாவருடம் பார்த்து அத்தாட்சிப்படுத்த வேண்டும். அமெரிக்காவிலும் 2018 ஒக்ரோபர் முதல் 18 வயதான எவரும் நிறுவனத்தின் சிபாரிசு இல்லாமலே ஆரம்பப் பரீட்சை எழுதலாம். அங்கே 75 கேள்விகள். இங்கே என் பெறாமகள் எழுதும் அறிமுகப் பரீட்சையில் ஒரு மணி நேரத்தில் 50 கேள்விகள், நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். நேர்மை பற்றிய பகுதியும் அதில் உண்டு. இவளுக்கு நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லை, தொலைபேசியும் அவளுடைய பெயரில் அவளுக்கு மட்டும்தான்.

போன கிழமை வந்தபோது கேள்விகளை வாசித்து என்னிடம் விடை கேட்டாள். இலண்டனில் பங்கு விற்றால் எத்தனை வேலைநாளில் பணம் தீர வேண்டும்?

"ஐஞ்சு," என்றேன் உடனே. 1995 யூனிலிருந்து நான் கையால் செய்த வேலை அல்லவா.

"பிழை பெரியப்பா. 2001இல மூண்டாக்கி, 2014இல ரெண்டாக்கிப் போட்டினம். 2027 ஒக்ரோபர் 11இல இருந்து ஒரு நாள்தானாம்."

என் விடைக்கு நேரே சிவப்புப் பேனாவால் புள்ளடி போட்டுவிட்டு அடுத்த கேள்வியை வாசிக்கத் தொடங்கினாள்.