காணாமல் போன 30 கிலோ

ஒரகடம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில், எஃகுத் தகட்டுக் காயில்களை எடை போடும் லோடு செல்லின் சான்றிதழில் உள்ளூர் ஈர்ப்பு முடுக்கம் 9.783 என்று அச்சாகியிருந்தது. லண்டனில் அது 9.812. அங்கே சரிபார்த்த லோடு செல்லை அப்படியே இங்கே மாட்டினால், 10 டன் காயிலை ஏறக்குறைய 30 கிலோ குறைத்துக் காட்டும். இந்த 9.783-ஐ நம் பக்கத்தில் முதலில் அளந்தவர் யார்?

தடம் நுங்கம்பாக்கத்துக்குப் போனது. 1822-ஆம் ஆண்டு ராயல் சொசைட்டி தொகுதியில், அங்கிருந்த மதராஸ் வானாய்வுக்கூடத்தின் ஜான் கோல்டிங்காம் எழுதிய கட்டுரை கிடைத்தது. கேட்டர் என்பவர் வடிவமைத்த ஊசலை இங்கே ஆட்டிப் பார்த்து, நொடிக்கொரு வீச்சு வீசும் ஊசலின் நீளம் 39.026 அங்குலம் என்கிறார். லண்டனில் கேட்டர் கண்டது 39.139. சென்னை வெயிலுக்கு ஒரு திருத்தம், காற்றுக்கு ஒன்று, கடல்மட்ட உயரத்துக்கு ஒன்று என்று மனிதர் எதையும் விடவில்லை. அவருடைய அங்குலத்தை மீட்டராக்கி, பை வர்க்கமான 9.8696-ஆல் பெருக்கினேன். 9.783! சான்றிதழில் இருந்த அதே எண்.

ஆனால் முதல் ஆள் அவரல்ல. அவர் விடுப்பில் போனபோது பொறுப்பிலிருந்த ஜான் வாரன் 1810-இலேயே 'ஆசியாடிக் ரிசர்ச்சஸ்' இதழில் மதராஸ் ஊசலின் நீளத்தை வெளியிட்டுவிட்டார். கோலாரில் தங்கம் தேடிப்போனவரும் இவர்தான்.

சரி, அந்த 30 கிலோவை எடுத்தது யார்? சந்தேகத்துக்குரியவர்கள் இருவர்: பூமியின் நடுப்பகுதிப் புடைப்பு, பூமியின் சுழற்சி. ஊசலால் இருவரையும் பிரித்துக் காட்ட முடியாது. அது கூட்டுத்தொகையை மட்டுமே சொல்லும். சுழற்சி வேகத்தையும் இரண்டு ஊர்களின் அட்சரேகையையும் வைத்துக் கணக்குப் போட்டால், மையவிலக்கு விசையின் பங்கு 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் புடைப்பின் கணக்கு. பாடநூல் மையவிலக்கு விசையைப் போலி விசை என்கிறது. பூமிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு அப்படி ஒரு விசையே தேவையில்லை: காயில் வட்டமடிக்கிறது, ஈர்ப்பில் ஒரு பங்கு அதை வளைக்கவே செலவாகிறது, அவ்வளவுதான்.

காயில் லாரியேறி ஓடினால் இன்னொரு போலி விசையான கொரியாலிஸ் விசையும் சேர்கிறது. 1900-களின் தொடக்கத்தில் ஹெக்கர் என்பவர் கப்பலில் எடுத்த ஈர்ப்பு அளவுகளைப் புரட்டிய ஹங்கேரியின் ஈட்வோஷ்தான் எடையில் அதன் விளைவைக் கண்டுபிடித்தார்: கிழக்கே போனால் எடை குறைகிறது, மேற்கே போனால் கூடுகிறது. 1908-இல் கருங்கடலில் இரண்டு கப்பல்களை எதிரெதிரே ஓட்டியபோது அது உறுதியானது. நம் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் நேர்கிழக்கே ஓடும் லாரியில் அந்த 10 டன் காயில் 3 கிலோ இளைக்கும். பெங்களூரு பக்கம் திரும்பி நேர்மேற்கே ஓடினால் 3 கிலோ கூடும். எடைமேடையில் வண்டியை நிறுத்திவிடுவதால் இது எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை. ஓட ஓட எடை பார்த்தாலும், வண்டியின் குலுக்கல் தரும் பிழை இதைவிடப் பெரிது.