ரோஜர்ஸ், எவரெட் (1931–2004)

அமெரிக்கத் தகவல்தொடர்பியல் அறிஞர். புதுமைப் பரவல் கோட்பாட்டைப் பொதுச் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு, அரசுக் கொள்கை ஆகியவற்றில் பொருத்தி ஆராய்ந்தவர். அயோவா மாநிலத்து வேளாண் குடும்பத்தில் பிறந்து, ஊரகச் சமூகவியலில் 1957இல் முனைவர் பட்டம் பெற்றார்.

'புதுமைகளின் பரவல்' (1962) என்னும் நூல், புதியதை ஏற்போரை ஐந்து பிரிவினராக வகுத்தது; முதலில் ஏற்கும் முன்னோடிகள் 2.5%, கடைசியில் ஏற்போர் 16%. அந்நூல் எடுத்தாளும் பெரு நாட்டு லாஸ் மோலினோஸ் சிற்றூர் நிகழ்வு இன்றும் சுகாதாரப் பணியாளருக்கு முதற்பாடமாகத் தக்கது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி இரண்டாண்டுகள் வீடுவீடாக வலியுறுத்தியும், 200 குடும்பங்களில் 11 மட்டுமே புதிதாக இணங்கின. காய்ச்சிய நீர் நோயாளிக்கே உரியது என்பது ஊர் வழக்கம். கிருமி பற்றிய விளக்கம் அதன்முன் எடுபடவில்லை.

1993இல் தொடங்கிய தான்சானிய வானொலி நாடகம் 'ட்வெண்டே நா வகாட்டி' குறித்த கள ஆய்வு இவருடைய பணிகளுள் மிக நுட்பமானது. பல பெண்களுடன் உறவு கொண்டு எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகும் லாரி ஓட்டுநர் முக்வாஜு அதன் முக்கியப் பாத்திரம். டொடோமா பகுதியில் மட்டும் 1995 வரை நாடகம் ஒலிபரப்பப்படவில்லை. அதனால் கேட்டோரையும் கேளாதோரையும் ஒப்பிட முடிந்தது. கேட்ட பகுதிகளில் கருத்தடை முறைகளை ஏற்போர் பெருகினர்.

ஜேம்ஸ் டியரிங்குடன் செய்த ஆய்வில், 1980களில் அமெரிக்க ஊடகங்கள் எய்ட்ஸுக்கு அளித்த இடம், பெருகிய நோயாளர் எண்ணிக்கையைப் பின்பற்றவில்லை என்று காட்டினார். 1985இல் நடிகர் ராக் ஹட்சனின் நோய் வெளிப்பட்ட பிறகே செய்திகள் பெருகின.