நாள்பட்ட நோயாளிகளுக்கு இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி: எந்த மாதத்தில் செலுத்திக்கொள்வது?

புது தில்லி: சர்க்கரை நோய், இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகப் பாதிப்பு போன்ற நாள்பட்ட நோய்களுடன் வாழ்பவர்கள் ஆண்டுதோறும் பருவகால இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி செலுத்திக்கொள்ள வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. ஆனால், மத்திய அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இத்தடுப்பூசி இடம்பெறவில்லை. எனவே, எப்போது, எங்கே செலுத்திக்கொள்வது என்பதை நோயாளியும் அவருடைய மருத்துவருமே முடிவு செய்ய வேண்டியுள்ளது. அந்த முடிவில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது மாதக் கணக்கு.

இன்ஃப்ளூயன்சா என்பது சாதாரண சளி, இருமல் அல்ல. திடீரெனத் தாக்கும் கடும் காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல் ஆகியவை இதன் அடையாளங்கள். ஆரோக்கியமானவர்கள் ஒரு வாரத்தில் குணமடைந்துவிடுகின்றனர். நாள்பட்ட நோயாளிகளுக்கு நிமோனியா ஏற்படுவதற்கும், ஏற்கெனவே உள்ள நோய் தீவிரமடைவதற்கும் வாய்ப்பு அதிகம். காய்ச்சல் காலத்தில் ரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டை மீறுவதும், ஆஸ்துமா நோயாளிக்கு மூச்சுத்திணறல் முற்றுவதும் மருத்துவமனைகளில் வழக்கமாகக் காணப்படுபவை. உலக அளவில் ஆண்டுக்கு 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை இன்ஃப்ளூயன்சா சார்ந்த சுவாசப் பாதிப்புகளால் உயிரிழப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டில் மட்டும் எச்1என்1 வகை வைரஸால் 42,592 பேர் பாதிக்கப்பட்டனர். 2,990 பேர் உயிரிழந்தனர்.

ஆபத்து வளையத்துக்குள் இருப்பவர்களின் எண்ணிக்கை சிறிதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் மட்டுமே சுமார் 10.1 கோடி பேர்.

ஒரே நாடு, வெவ்வேறு பருவங்கள்

இன்ஃப்ளூயன்சா வைரஸ் தொடர்ந்து உருமாறுவதால் தடுப்பூசியின் உள்ளடக்கமும் மாற்றப்படுகிறது. உலக சுகாதார அமைப்பு ஆண்டுக்கு இருமுறை இதற்கான பரிந்துரையை வெளியிடுகிறது. வட அரைக்கோள நாடுகளின் குளிர்காலத்துக்குப் பிப்ரவரியிலும், தென் அரைக்கோள நாடுகளின் குளிர்காலத்துக்குச் செப்டம்பரிலும் அறிவிப்பு வரும். அதன் பிறகு தடுப்பூசியைத் தயாரித்து விநியோகிக்கச் சுமார் ஆறு மாதங்கள் ஆகின்றன.

வரைபடத்தின்படி இந்தியா வட அரைக்கோளத்தில்தான் உள்ளது. ஆனால், வைரஸ் வரைபடத்தைப் பார்ப்பதில்லை, மழையைப் பார்க்கிறது. நாட்டின் 10 நகரங்களில் 2009 முதல் 2013 வரை நடத்தப்பட்ட கண்காணிப்பின் முடிவுகள் 2015-இல் வெளியாயின. தில்லி, லக்னௌ, புணே, ஆலப்புழை உள்ளிட்ட இடங்களில் பருவமழைக் காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை தொற்று உச்சமடைந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் சென்னை, வேலூரில் அக்டோபர், நவம்பரில் உச்சம் காணப்பட்டது. ஸ்ரீநகரில் மட்டும் ஐரோப்பிய நாடுகளைப் போல ஜனவரி முதல் மார்ச் வரையிலான குளிர்காலமே தொற்றுக் காலமாக இருந்தது.

தடுப்பூசி செலுத்திய பின் உடலில் போதிய எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தேவை. அந்தப் பாதுகாப்பு மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். எனவே, நாட்டின் பெரும்பகுதிக்கு ஏப்ரல்-மே மாதங்கள் பொருத்தமானவை. தமிழகத்தின் கிழக்குப் பகுதியில் அக்டோபருக்கு முன்னரும், காஷ்மீரில் குளிர்காலத்துக்கு முன்னரும் செலுத்திக்கொள்ளலாம். மேற்கத்திய இணையதளங்களைப் படித்துவிட்டு தில்லியிலோ புணேயிலோ நவம்பர் வரை காத்திருப்பவர், மழைக்காலத் தொற்றைப் பாதுகாப்பின்றிக் கடந்திருப்பார்.

எனினும், தாமதமாகிவிட்டது என்று கைவிட வேண்டியதில்லை. இந்தியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை ஒன்று, பருவமழைக்குப் பிந்தைய காலத்தில் மற்றொன்று என ஆண்டுக்கு இரு உச்சங்கள் காணப்படுவதாக சுகாதார அமைச்சகம் குறிப்பிடுகிறது. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை பரவி, கர்நாடகத்திலும் ஹரியாணாவிலும் தலா ஓர் உயிரிழப்பு உறுதியானது முதல் உச்சத்தின்போதுதான்.

தடுப்பூசிப் பெட்டியில் ஆண்டும், எந்த அரைக்கோளத்துக்கான தயாரிப்பு என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். செலுத்திக்கொள்ளும் நாளில் கிடைப்பவற்றில் ஆகப் புதிய தயாரிப்பைத் தேர்ந்தெடுப்பதே பொதுவான விதி. கடந்த ஆண்டின் எஞ்சிய இருப்பா என்று கேட்பது நோயாளியின் உரிமை. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் பாதுகாக்க வேண்டிய மருந்து என்பதால், கடையில் வாங்கிக் கையில் எடுத்துச் செல்வதைக் காட்டிலும் செலுத்தும் இடத்திலேயே பெறுவது நல்லது.

பலன் எவ்வளவு?

புழக்கத்தில் உள்ள வைரஸுடன் தடுப்பூசி நன்கு பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரை நாட வைக்கும் அளவிலான நோய்க்கான வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் வரை குறைகிறது. முழுப் பாதுகாப்பு என்று யாரும் உறுதியளிப்பதில்லை.

இதய நோயாளிகளுக்கான சான்றுகள் தனிக் கவனம் பெற வேண்டியவை. இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் ஏழு நாள்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு உயர்வதாக, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தரவுகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற நோயாளிகளிடம் வங்கதேசம் உள்ளிட்ட எட்டு நாடுகளில் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. அதில், தடுப்பூசி பெற்றவர்களில் ஓராண்டுக்குள் உயிரிழந்தோர் 2.9 சதவீதம், பெறாதவர்களில் 4.9 சதவீதம்.

எல்லா ஆய்வுகளும் இவ்வளவு தெளிவான பதிலைத் தரவில்லை. இந்தியாவும் பங்கேற்ற, இதயச் செயலிழப்பு நோயாளிகள் குறித்த 2022-ஆம் ஆண்டு ஆய்வில், மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால், நிமோனியா 42 சதவீதம் குறைந்தது.

யாருக்கு எந்த ஊசி?

புஜத்தில் செலுத்தப்படும் தடுப்பூசியில் செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸின் பகுதிகளே உள்ளன. அதனால் இன்ஃப்ளூயன்சா வராது. ஊசி போட்ட இடத்தில் வலி, ஓரிரு நாள் லேசான காய்ச்சல் ஆகியவை இயல்பானவை. மூக்கில் தெளிக்கும் வகையில் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இருப்பதால், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் ஆஸ்துமா நோயாளிகளும் அதைத் தவிர்த்து ஊசி வகையையே பெற வேண்டும். முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்களுக்கு இத்தடுப்பூசி பொருந்தாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே செவிலியரிடம் தெரிவித்தால் போதும். கீமோதெரபி பெறுபவர்கள் சிகிச்சைச் சுற்றுகளுக்கு இடையே உகந்த நாளை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

நான்கு வகை வைரஸ்களுக்கு எதிரான தடுப்பூசி மூன்று வகையாகக் குறைக்கப்படுவது குறித்தும் ஐயம் எழுப்பப்படுகிறது. பி/யமகாட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பின் உலகில் எங்கும் உறுதிசெய்யப்படவில்லை. அதனால் அது நீக்கப்படுகிறதே தவிர, பாதுகாப்பு குறைக்கப்படவில்லை.

தனியார் மருத்துவமனைகளில் ஒரு தவணைக்குப் பொதுவாக ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகிறது. மாதந்தோறும் மாத்திரைக்கே செலவிடும் குடும்பங்களுக்கு இது சிறிய தொகையல்ல. விதிவிலக்குகள் உண்டு: மகாராஷ்டிர அரசு 2015 முதல் கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செலுத்தத் தொடங்கியது. ஹஜ் பயணம் செல்லும் முதியவர்களுக்கும் அரசுச் செலவில் வழங்கப்படுகிறது. பயணிக்கு வழங்க முடிந்ததை டயாலிசிஸ் நோயாளிக்கு ஏன் வழங்க முடியவில்லை என்ற கேள்வி இயல்பானதே.

தடுப்பூசி பெற்றிருந்தாலும் காய்ச்சல் கண்டால் நாள்பட்ட நோயாளிகள் காத்திருக்கக் கூடாது. ஒசல்டாமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே மருந்துக் கடைகளில் கிடைக்கும் இம்மருந்து, அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகிறது. அதிக ஆபத்துள்ள பிரிவினருக்குப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் மருத்துவர் இதைத் தொடங்கலாம் என்று சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது.