வன்னிக் காடும் வழியிழந்த மானும்

மான், சைவ மக்களாகிய நமக்கு அந்நியமான விலங்கன்று. சிவபெருமான் திருக்கரத்தில் ஏந்தியிருப்பது மான். வள்ளிநாயகியார் மான் வயிற்றில் அவதரித்தார் என்று கந்தபுராணம் கூறும். கோயில்தோறும் புராணபடனம் நிகழும் இக்குடாநாட்டில் அக்கதையைக் கேளாதவர் அரியர். ஆயினும், ஆடி மாதத்து வெயிலில் குளக்கரைக்கு நீர் பருக வரும் புள்ளிமான் கூட்டமொன்றைக் கண்ணாற் கண்டவர் நம்முள் எத்தனை பேர்? கதையில் வாழும் மான் காட்டில் அருகியது எவ்வாறு? வேட்டைக்காரன் கொன்றான் என்பது பலரும் கூறும் விடை. அவ்விடை பாதி உண்மையே. மற்றப் பாதியை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டில் எழுதாத வரலாற்றை ஊர்ப்பெயர்கள் சொல்லும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கே செல்வோம். முதலில் வருவது ஆனையிறவு; யானைகள் ஆழமற்ற நீரேரியைக் கடந்த துறை. கிளிநொச்சியை அணுகும்போது கரடிப்போக்கு. அக்கராயன் பக்கம் திரும்பினால் ஆனைவிழுந்தான். வவுனியாவை நெருங்கினால் பன்றிக்கெய்தகுளம். அம்மாவட்டத்திலேயே மரையடித்தகுளம் என்றும் ஓர் ஊருண்டு.

இப்பெயர்களுட் சில விலங்கின் வழியைச் சொல்கின்றன. சில மனிதனின் வேட்டையைச் சொல்கின்றன. ஒரு பன்றியை எய்த செய்தி ஒரு குளத்திற்கே பெயராகி நிலைத்ததென்றால், அக்காலத்து வேட்டை எண்ணி நினைவிற் கொள்ளத்தக்க அளவினதாய் இருந்தது என நாம் ஊகிக்கலாம். எய்தவன் இருந்தான், தப்பிய விலங்கு போவதற்குப் போக்கும் இருந்தது. அந்தப் போக்கு அடைபட்ட வரலாறே மான் அருகிய வரலாறு.

வேட்டையின் அளவு மாறியதை முதலில் யானையிடத்துக் காண்கிறோம். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். இருசாராரும் வன்னித் தலைவர்களிடம் யானைகளையே திறையாகக் கேட்டனர். பிடிபட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டிற்கு வந்து, விலைப்பட்டு, இந்தியாவுக்குக் கப்பலேறின. யாழ்ப்பாணத்து ஒல்லாந்த அதிகாரி சுவார்டிகுறூன் 1697இல் எழுதிய அறிக்கையில், வன்னியர் செலுத்தாது வைத்திருந்த யானைத் திறையைப் பற்றியும் குறை கூறுகிறார்.

ஆங்கிலேயர் காலத்தில் யானையைக் கொல்வோர்க்கு அரசே சன்மானம் வழங்கியது. 1848இற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500இற்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்று எமர்சன் தெனன்ற் பதிந்துள்ளார். அன்றைய வட மாகாணம் அனுராதபுரப் பகுதியையும் உள்ளடக்கியது என்றாலும் அத்தொகை சிறிதன்று. மிஷன் பாடசாலை நூல்நிலையத்தில் சாமுவேல் பேக்கர் துரையின் இலங்கை வேட்டை நூலை வாசித்து, அவர் வீரத்தை வியந்தவர்கள் நம்முள்ளும் உண்டு. எவருடைய காட்டில், எவ்வளவு உயிர்கள் என்று கேட்க அந்நாளில் நமக்குத் தோன்றவில்லை.

யானைக்கு நேர்ந்தது மானுக்கும் மரைக்கும் நேர்ந்தது. தோலுக்கும் கொம்புக்கும் இறைச்சிக்குமாக அவை சுடப்பட்டன. வேட்டைக்காரரே அஞ்சி 1894இல் விலங்குகளைப் பாதுகாக்கச் சங்கம் அமைத்தனர். 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1938இல் நம் குடாநாட்டின் வாயிலிலுள்ள சுண்டிக்குளம் சரணாலயமாயிற்று. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் தோன்றியது. இத்தனை காவலிருந்தும் மான் ஏன் பெருகவில்லை?

இங்கேதான் மறுபாதி விடை இருக்கிறது. கொலை ஒரு கை. காட்டைத் துண்டாடுதல் மற்றக் கை. யாழ்ப்பாணத்துப் புகையிரதப் பாதை 1905இல் நிறைவெய்தியது. இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. அதன் கீழே வயலும் கிளிநொச்சிக் குடியேற்றமும் விரிந்தன. இவை நமக்குச் சோறிட்ட நற்பணிகள். அவற்றைப் பழிக்க நாம் வரவில்லை. ஆனால் ஒரே பரப்பாய்க் கிடந்த காடு அவற்றாற் பல துண்டுகளாயிற்று என்பதும் உண்மை.

துண்டானால் என்ன? காடு காடுதானே என்பர் சிலர். ஒரு காட்டில் ஐந்து குளங்கள் உள்ளன என்று கொள்வோம். மழை பொய்த்த ஆண்டில் நான்கு வற்றினாலும், மான்கள் ஐந்தாவதை நாடிப் பிழைக்கும். இடையில் வேலியும் வீதியும் வந்துவிட்டால் மரங்கள் நிற்கும், நீர் கிட்டாது. வரைபடத்தில் அது காடு. மானுக்கு அது மயானம். மேலும், ஒரு பக்கத்தில் வேட்டையாற் குறைந்த கூட்டத்தை மறுபக்கத்து மான்கள் வந்து நிரப்புவது முன்னாளைய இயல்பு. வழி அடைபட்டபின் நிரப்ப ஒன்றும் வாராது. எஞ்சிய சிலவும் தம்முள்ளேயே கலந்து வலிகுன்றும். ஒரு நோயோ ஒரு வறட்சியோ அவற்றை முடித்துவிடும். எனவே, பெருங்காடு தாங்கிய அதே வேட்டையைச் சிறுகாடு தாங்காது. கள்ளவேட்டைக்காரனுக்கும் சிறுகாடே வாய்ப்பு. எஞ்சிய ஒரே நீர்நிலையருகே அவன் பதுங்கியிருந்தாற் போதும்.

இவ்வுண்மைக்கு உலகறிந்த சான்று அமெரிக்காவில் உண்டு. அங்குக் கோடிக்கணக்கில் மேய்ந்த பைசன் என்னும் காட்டெருதுகளின் நிலத்தை, 1869இல் முடிந்த இருப்புப்பாதை ஊடறுத்தது. மந்தை வடக்கு, தெற்கு என இரண்டாயிற்று. அதே பாதையில் துவக்குடன் மனிதர் வந்தனர். தோல் திரும்பிச் சென்றது. தென்மந்தை 1870களிலும் வடமந்தை 1883ஆம் ஆண்டளவிலும் அழிந்தன. 1889இல் ஹோர்னடே என்பார் கணக்கெடுத்தபோது எஞ்சியவை ஏறத்தாழ ஆயிரமே.

இரை குறைந்தால் இரைதேடும் விலங்கும் அமைதியாய் இராது. புலியும் சிங்கமும் இல்லாத நம் தீவில் சிறுத்தையே காட்டின் தலைமை வேட்டை விலங்கு. மானும் மரையும் பன்றியும் அதன் உணவு. 2018 ஆனியில் கிளிநொச்சி அம்பாள்குளத்திற்குள் வந்த சிறுத்தையொன்று பலரைக் காயப்படுத்தியது. ஊரார் அதனை அடித்துக் கொன்றனர். அக்காட்சியைப் படம்பிடித்து உலகெங்கும் பரப்பினர். காயமுற்றோர் துன்பம் உண்மையானது. ஆனால் அந்தச் சிறுத்தை எங்கிருந்து வந்தது, அங்கே அதற்கு உண்ண என்ன மிஞ்சியிருந்தது என்று கேட்டவர் மிகச் சிலரே.

இன்னொரு தீமையும் உண்டு. மானும் மரையும் ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும்; பன்றியோ பல குட்டிகள் போடும். ஆகையால் துண்டுக் காட்டில் மான் குறைய, பன்றி வயலோரத்தில் உண்டு செழிக்கும். பயிரை இழந்தவன் பன்றிக்கெனக் கம்பிச் சுருக்கு வைக்கிறான். சுருக்குக்கு ஆள் தெரியாது. மானும் அதில் மாளும், சிறுத்தையும் மாளும். 2020 வைகாசியில் மலைநாட்டு நல்லதண்ணியில் சுருக்கில் அகப்பட்டு மூன்றே நாளில் இறந்த கருஞ்சிறுத்தையை நாடே அறியும்.

இனி நம் கடமை யாது? போரில் அனைத்தும் இழந்து 2009இற்குப் பின் மீண்ட வன்னி மக்களை நோக்கி, நிலம் கேளாதே என்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சொல்ல நமக்கு உரிமையில்லை. வன்னியானுக்கு வயல் வேண்டும். மானுக்கு வழி வேண்டும். இரண்டும் இயலாதவை அல்ல. காடு வெட்டுமுன், எந்தக் குளத்திற்கும் எந்தக் குளத்திற்கும் இடையே விலங்குகள் நடக்கின்றன என்று பார்த்து, அந்த ஒடுங்கிய காட்டுப்பட்டியை மாத்திரம் விட்டுவைத்தால் பெரும்பயன் விளையும். 2015இல் சுண்டிக்குளமும் மடு வீதியும் தேசியப் பூங்காக்களாக்கப்பட்டன. ஒன்றோடொன்று தொடர்பற்ற பூங்காக்கள் தனித்த தீவுகளாகிவிடும். அவற்றை இணைக்கும் வழிகளே அவற்றின் உயிர்.

இரண்டாவது கடமை நம் அடுக்களையைச் சார்ந்தது. வன்னியிலிருந்து வரும் உறவினர் தேனோடு மான் வற்றலும் கொண்டுவருவதைப் பெருமையாகப் பேசும் வீடுகள் நம்மிடையே உண்டு. வாங்குவார் இல்லையேல் கட்டுத்துவக்குக் கட்டுவார் குறைவர். ஆறுமுகநாவலர் சைவ வினாவிடையிலே கொலையையும் புலாலுண்ணலையும் பாவங்களுள் வைத்தார். நாம் அப்பாடத்தை ஒப்புவித்துப் பரிசும் பெற்றோம். கையால் கொல்வது மாத்திரமா கொலை? உயிரொன்று நீருக்குச் செல்லும் வழியை அடைப்பதும் கொலையின் பாற்பட்டதே.

ஆனையிறவு இன்று நமக்கு வெறும் பெயர். அங்கே யானை கடப்பதில்லை. எஞ்சிய வன்னிக் காட்டின் மானும் மரையும் அவ்வாறு பெயரளவில் நின்றுவிடாமற் காப்பது, வள்ளிநாயகியின் கதையைக் கேட்டு வளர்ந்த வாலிபராகிய நம் பொறுப்பேயாகும்.